மக்பெத்தை அழித்தது பேராசை மட்டும்தானா?

கேள்வி: 2024 மே 6, மாலை 5.20

உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம் பாடம். வெள்ளவத்தையில் ரியூசன். சேர் தந்த நோட்ஸில் "கட்டுக்கடங்காத பேராசை மக்பெத்தையும் அவன் மனைவியையும் அழித்தது" என்று ஒரு வரி இருக்கிறது. அதை அப்படியே பாடமாக்கச் சொல்கிறார். எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டாம் அங்கம் முடியும்போதே அவன் அரசனாகிவிட்டான். ஆசைப்பட்டது கைக்கு வந்தபிறகு இன்னும் மூன்று அங்கம் எதற்கு? நாடகம் தெரிந்த ஐயாமார் யாராவது சொல்லுங்கோ.

மே 6, இரவு 10.15

தம்பி, நீர் பிடித்த இடம் சரியான இடம். சேர் தந்த வரி பிழையில்லை. ஆனால் அது பாதித் தூரம்தான் கூட வரும்.

அரசன் டங்கனைக் கொன்றது ஆசை. ஸ்கோனில் முடிசூட்டப் போனதோடு அந்த வேலை முடிந்தது. பிறகு, கூடப் போரிட்ட தோழன் பாங்கோவைக் கொன்றது எது? ஃபைஃப் பிரபு மக்டஃபின் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றது எது? அந்தப் பெண்ணிடமோ, தாயோடு கதைத்துக்கொண்டிருந்த அந்தச் சின்னப் பொடியனிடமோ மக்பெத்துக்கு வேண்டியது ஒன்றுமே இல்லை. மக்டஃப் இங்கிலாந்துக்கு ஓடிவிட்டான் என்று கேட்டதும், இனி மனத்தில் வருகிற முதல் எண்ணத்தையே கை செய்யட்டும் என்கிறான். ஆசைப்படுகிறவன் லாப நட்டம் பார்ப்பான். இவன் அதையும் பார்க்கவில்லை. இது பயந்தவன் செய்கிற வேலை.

என் அபிப்பிராயம் இதுதான்: ஆசை ஒரு கொலை செய்தது, மிச்சத்தைப் பயம் செய்தது.

மே 7, காலை 6.30

நேற்று எழுதியதைத் திருத்தவேண்டும். விடிய எழும்பி மூன்றாம் அங்கம் முதல் காட்சியைத் திரும்பப் படித்தேன். அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்புவதற்கு முன் மக்பெத் தனியே நின்று பேசுகிறான். மக்பெத் அரசனாவான், பாங்கோவின் பிள்ளைகள் அரசராவார்கள் என்று முதல் அங்கத்தில் சூனியக்காரிகள் சொல்லியிருந்தார்கள். பாங்கோவுக்கு அஞ்சுகிறேன் என்றுதான் தொடங்குகிறான். ஆனால் பேச்சு போய் நிற்கும் இடம் வேறு: என் தலையில் வைத்தது பலன் தராத கிரீடம், கையில் தந்தது மலட்டுச் செங்கோல், பாங்கோவின் பிள்ளைகளுக்காகவா நான் என் மனத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்று கேட்கிறான். இது பயம் மட்டும் இல்லை. கிரீடம் கைக்கு வந்ததும் அது போதாமல் போய்விட்டது. தான் செத்தபிறகு வரப்போகிற காலமும் தனக்கே வேண்டும். முதல் அங்கத்தில் அப்படி ஒரு எண்ணம் அவனுக்கு இருந்ததாகவே தெரியவில்லை. பிள்ளையில்லாதவன், தன் வாரிசு பற்றிக் கவலைப்படாதவன், இப்போது இன்னொருவனுடைய மகன் மேல் ஆளை ஏவுகிறான்.

ஆகவே ஆசை முடிந்து பயம் தொடங்கியது என்று நான் கோடு போட்டுப் பிரித்தது சரியில்லை. கையில் வந்ததை விட்டுவிடுவோமோ என்கிற பயத்துக்குள்ளேயே ஆசையும் வளர்ந்துகொண்டு போகிறது.

மே 7, இரவு 9.00

"பேராசை" என்ற சொல்லே இங்கே இடைஞ்சல் என்று இன்று பஸ்ஸுக்குள் யோசித்தேன். தமிழில் நாங்கள் இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். நல்லதென்றால் இலட்சியம், கெட்டதென்றால் பேராசை. ஆங்கிலத்தில் அம்பிஷன் என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் போகும். முதல் அங்கத்தில் கணவனின் கடிதத்தைப் படித்த கையோடு மனைவி சொல்வதைப் பாரும்: பெரியவனாக வர உனக்கு விருப்பம், அம்பிஷன் இல்லாதவன் இல்லை, அதோடு சேர்ந்து வரவேண்டிய கெட்ட குணம்தான் உன்னிடம் இல்லை என்கிறாள். அவள் அந்தச் சொல்லைக் குற்றமாகச் சொல்லவில்லை. கணவனிடம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்கிற ஏக்கத்தோடு சொல்கிறாள். உயர்தரப் பிள்ளையைப் பார்த்து "இவனுக்கு மூளை இருக்கு, முயற்சிதான் காணாது" என்று சொல்கிற தாயின் தொனி அது.

விடைத்தாளில் "பேராசை" என்று மட்டும் மனத்தில் வைத்து எழுதினால், தொடக்கத்திலேயே அவர்களைக் கெட்டவர்கள் ஆக்கிவிடுவீர். பிறகு அழிவதற்கு அங்கே ஒன்றும் மிச்சம் இராது.

மே 9, இரவு 8.40

குறள் சொல்லாமல் இந்த இழை போகாது என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் ஒன்று நினைவில் ஓடிக்கொண்டிருக்கிறது. 476.

நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந் தூக்கின்
உயிர்க்கிறுதி ஆகி விடும்.

மரத்தின் நுனிக் கொம்புவரை ஏறியவர் அதையும் தாண்டி ஏற முயன்றால் உயிருக்கே முடிவு. முதல் அங்கம் ஏழாம் காட்சியில் மக்பெத்தே தன் ஆசையைப் பற்றி இப்படித்தான் பேசுகிறான். குதிரையில் தாவி ஏறப் பார்த்து, தாவல் கூடிப்போய், மறுபக்கத்தில் விழுகிற ஆசை என்கிறான். இரண்டும் அளவு தாண்டிய ஏற்றம். இதைவிடப் பொருத்தமாக எங்கே தேடுவது?

மே 9, இரவு 11.10

படுக்கப் போய்த் திரும்பி வந்தேன். பொருத்தம் என்றேன், ஆனால் அந்தக் குறள் இருக்கிற அதிகாரம் வலியறிதல். தன் பலம் தெரியாமல் இறங்குகிறவனைப் பற்றிய பேச்சு. மக்பெத்துக்குப் பலம் இல்லையா? நாடகம் தொடங்கும்போதே அவன்தான் போர்க்களத்தில் முன்னுக்கு நிற்கிற வீரன். டங்கனை விட நல்ல தளபதி. அரசனாக இருக்க அவனுக்குத் தகுதி இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். கொம்பு முறிந்து அவன் விழவில்லை.

மே 11, காலை 7.15

மேலே ஒரு வாசகி எழுதிய பதில் என்னை இரண்டு நாளாக விடவில்லை. அதே அதிகாரத்தின் முதல் குறளைப் பாருங்கள் ஐயா என்றார். வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி (வலி என்றால் இங்கே பலம்): நாலையும் தூக்கிப் பார்த்துச் செய்யவேண்டும் என்கிறது அது. மக்பெத் வினையின் வலியைப் பார்த்தான், எதிராளியின் வலியையும் பார்த்தான். தன்வலி என்றால் வாள் பிடிக்கும் கை மட்டும்தானா? செய்ததைத் தாங்கிக்கொண்டு இருக்கிற வலியும் அதில் சேராதா?

சேரும். கொலை முடிந்து வெளியே வந்ததும் அவன் முதலில் கவலைப்படுவது அகப்பட்டுக்கொள்வேனோ என்று இல்லை. பக்கத்து அறையில் இரண்டு பேர் உறக்கம் கலைந்து பிரார்த்தனை சொன்னார்கள், எனக்கு "ஆமென்" வரவில்லை, தொண்டையில் நின்றுவிட்டது, ஏன் வரவில்லை என்று மனைவியிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறான். பிறகு, மக்பெத் உறக்கத்தைக் கொன்றுவிட்டான் என்று ஒரு குரல் கேட்டதாகச் சொல்கிறான். அவன் நிறுத்துப் பார்க்காமல் விட்ட வலி இதுதான்.

துணைவலி பற்றி அந்த வாசகி ஒன்றும் எழுதவில்லை. அதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆறுதலாக எழுதுகிறேன்.

மே 12, மாலை 4.00

ஞாயிற்றுக்கிழமை. நேரம் இருக்கிறது.

கணவன் மனைவி இரண்டு பேரையும் ஒன்றாக வைத்து, இருவரும் எப்போது பேசுகிறார்கள், எப்போது பேசாமல் விடுகிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டு ஒருமுறை நாடகத்தைப் படியும்.

முதல் அங்கத்தில் சூனியக்காரிகள் சொன்னதை உடனே கடிதம் எழுதி அவளுக்கு அறிவிக்கிறான். என் பெருமையில் பங்காளி என்று அழைக்கிறான். வீட்டுக்கு வந்து நேரில் சொல்லும்வரை பொறுக்க அவனால் முடியவில்லை. இரண்டாம் அங்கத்தில் இருட்டில் அரை வாக்கியங்களில் பேசிக்கொள்கிறார்கள், ஆனால் ஒன்றாக நிற்கிறார்கள். மூன்றாம் அங்கத்தில் பாங்கோவை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறாள். உனக்குத் தெரியவேண்டாம் கண்ணே, முடிந்தபிறகு மெச்சு என்று அன்பாகத்தான் சொல்கிறான். அந்த இடத்தில் அந்த மணவாழ்க்கை முடிந்தது. அதற்குப் பிறகு அவன் அவளிடம் எதையும் கலந்து பேசுவதில்லை.

விருந்துக் காட்சியில் பாங்கோவின் ஆவி அவனுக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. வந்தவர்களை அனுப்பிவிட்டு இரண்டு பேரும் தனியே நிற்கிறார்கள். நாடகத்தில் அவர்கள் சேர்ந்து நிற்கும் கடைசி இடம் அதுதான். உயிர்களையெல்லாம் கெடாமல் வைத்திருக்கிற உறக்கம் உனக்கு இல்லை என்று அவள் சொல்கிறாள். அவனிடம் அவள் பேசும் கடைசிச் சொல் அது. அடுத்து நாங்கள் அவளைப் பார்க்கும்போது உறக்கத்தில் நடக்கிறாள்.

அந்தக் காட்சியை நான் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் பார்த்திருக்கிறேன். பாடசாலைகளுக்கிடையிலான ஷேக்ஸ்பியர் நாடகப் போட்டி. என் தங்கையின் மகள் அந்தப் பாத்திரம். பதினேழு வயதுப் பிள்ளை, கையில் மெழுகுதிரி. பின்வரிசையில் அதுவரை கூச்சல் போட்டுக்கொண்டிருந்த பொடியன்கள் எல்லாம் அடங்கிவிட்டார்கள். மேடையில் இல்லாத இரத்தத்தைக் கழுவ அவள் கையைத் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாள், அவள் இப்போ எங்கே என்கிற வரி வந்தபோது பிள்ளை யாரையோ தேடுகிற மாதிரி சுற்றிப் பார்த்தாள். மக்டஃபின் மனைவி. அந்தக் கொலையில் இவளுக்குப் பங்கே இல்லை, இவளைக் கேட்காமல் செய்தது. ஆனாலும் அந்தக் கணக்கும் இவள் கையில் ஏறியிருக்கிறது. கணவன் சொல்லாமல் விட்டதை அவள் உறக்கம் எப்படியோ அறிந்துகொண்டது.

துணைவலி என்றது இதைத்தான். கொலைக்கு முன் அவளை அவன் தன் பலமாக எண்ணினான். அவளும் அப்படித்தான் காட்டிக்கொண்டாள். கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவிவிடலாம் என்றாள். ஆனால் அதே காட்சியில் இன்னொன்றும் சொன்னாளே: உறக்கத்தில் டங்கன் என் அப்பாவைப் போல இராவிட்டால் நானே செய்திருப்பேன் என்று. அந்த வரியை மக்பெத் கேட்டிருந்தால் அவள் எவ்வளவு தாங்குவாள் என்று அளந்திருக்கலாம். அதை அவள் தனியே நின்றுதான் சொன்னாள்.

மே 12, இரவு 9.30

மெழுகுதிரி பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அவளைக் கவனிக்கும் பெண் மருத்துவரிடம் சொல்வாள்: எப்போதும் பக்கத்தில் வெளிச்சம் இருக்கவேண்டும், அது அவளுடைய கட்டளை என்று. கடிதம் வந்த அன்று தடித்த இருட்டே வா, என் கத்தி செய்யும் காயத்தை அதுவே பார்க்காதபடி மூடு என்று அழைத்தவளும் இவள்தான். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாத நாட்களில் இந்த இரண்டு இடத்தையும் மெழுகுதிரி வெளிச்சத்தில் அடுத்தடுத்துப் படித்தேன். அதற்கு முன் எத்தனையோ தடவை படித்தும் இரண்டையும் நான் இணைத்துப் பார்க்கவில்லை.

மே 14, பகல் 1.10

சூனியக்காரிகள்தான் காரணம், விதி என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சூனியக்காரிகள் ஒரு இடத்திலும் டங்கனைக் கொல் என்று சொல்லவில்லை. அரசனாவாய் என்றார்கள், அவ்வளவுதான். கொலை என்ற எண்ணத்தை அவன்தான் கொண்டுவந்தான். பாங்கோவும் பக்கத்தில் நின்று அதே குரல்களைக் கேட்டான். அவன் வாளைத் தூக்கவில்லை. கேட்டுவிட்டும் சும்மா இருக்கலாம் என்பதற்குப் பாங்கோவே சாட்சி.

மே 15, காலை 6.50

கூனியோடு ஒப்பிட்டுக் கேட்டவருக்கு. கூனி செய்தது வேறு. கைகேயியின் மனத்தை அவள் விடாமல் பேசித் திருப்பினாள். இராமனுக்கு முடிசூட்டு என்றதும் மகிழ்ந்து மாலை பரிசளித்தவள் கைகேயி. அவளுடைய "தூய சிந்தையும் திரிந்தது" என்று கம்பர் சொல்லும்போது, அந்த "உம்" என்ற ஒரு இடைச்சொல்லில் எவ்வளவு துக்கம். மக்பெத் நாடகத்தில் கூனியின் வேலையைச் செய்வது மனைவி. சூனியக்காரிகள் இல்லை.

கைகேயியும் இவளும் ஒரு விஷயத்தில் ஒன்று. இரண்டு பேரும் தங்களுக்கென்று கேட்கவில்லை. ஒருத்தி மகனுக்கு, ஒருத்தி கணவனுக்கு. பிறருக்காக ஆசைப்படும்போது கூச்சம் குறைந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். எங்கள் வீடுகளிலும் பார்க்கிறோம்.

மே 16, இரவு 9.20

உண்மையான மக்பெத் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாக: அவன் 1040 முதல் 1057 வரை, 17 வருடம் ஸ்கொட்லாந்தை ஆண்டான். டங்கன் செத்தது படுக்கையில் இல்லை, எல்ஜின் அருகே நடந்த சண்டையில். கிழவனும் இல்லை. மக்பெத் 1050இல் ரோமுக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பணம் வாரி இறைத்ததாகப் பதிவு இருக்கிறது. தந்தைக்குப் பின் மூத்த மகன் என்ற ஒழுங்கு அப்போது அங்கே உறுதியாக இருக்கவில்லை. அதனால்தான் நாடகத்தில் டங்கன் தன் மகன் மல்கமை வாரிசாக அறிவிக்கும்போது மக்பெத்துக்கு அது வழியில் வந்த படியாகத் தெரிகிறது: தடுக்கி விழவேண்டும், இல்லையென்றால் தாண்டவேண்டும்.

ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஹொலின்ஷெட்டின் வரலாற்று நூலிலிருந்து. அங்கே பாங்கோவும் கொலைக்கு உடந்தை. நாடகம் எழுதப்பட்டது 1606 வாக்கில். அப்போது ஆட்சியில் இருந்த முதலாம் ஜேம்ஸ், பாங்கோவைத் தன் முன்னோர் என்று கருதியவர். ஆகவே நாடகத்தில் பாங்கோவின் கை சுத்தமாகிவிட்டது.

மே 23, வெசாக், இரவு 10.40

ஒரு கிழமையாக எழுதவில்லை. காலி வீதி முழுக்க வெளிச்சக் கூடுகள், சனம். நான் வீட்டுக்குள்ளே இருந்து மே 14 அன்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். பாங்கோ சும்மா இருந்தான், அவனே சாட்சி என்று எழுதிவைத்திருக்கிறேன். அது பிழை. எனக்குத் தெரிந்தே எழுதிய பிழை என்றும் சொல்லலாம்.

மூன்றாம் அங்கத்தின் முதல் வரிகளைப் பாருங்கள். எல்லாம் உனக்குக் கிடைத்துவிட்டது, அதற்காக நீ மிகக் கேவலமான ஆட்டம் ஆடினாய் என்று அஞ்சுகிறேன் என்று பாங்கோ தனக்குள் சொல்கிறான். அவனுக்குத் தெரியும். சூனியக்காரிகள் சொன்னதைக் கேட்டவன் மக்பெத்தைத் தவிர அவன் ஒருவன்தான். எழுந்து நின்று பேசியிருக்கவேண்டியவன். அடுத்த மூச்சில் என்ன சொல்கிறான்? அவனுக்குச் சொன்னது பலித்தால் எனக்குச் சொன்னதும் பலிக்கும்தானே, நானும் நம்பிக்கை வைக்கலாமே என்கிறான். பிறகு, சத்தம் போடாதே, போதும் என்று தன்னையே அடக்குகிறான். அன்று பின்னேரமே செத்துப்போகிறான்.

பாடசாலையில் நான் நடித்த பாத்திரம் அது. அப்போது அந்த வரிகளைப் பாடமாக்கினேன், விளங்கவில்லை. விளங்கியது 1994இல்.

கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் இருந்தேன். பகுதித் தலைவர் பதவி காலியாகப்போகிறது. எனக்கும் இன்னொருவருக்கும்தான் வாய்ப்பு. அவர் என்னைவிட மூத்தவர், என்னைவிட வேலை தெரிந்தவர், எனக்கு வேலை பழக்கியவரும் அவர்தான். அந்த மாதம் ஒரு வவுச்சர் கட்டு காணாமல் போயிற்று. பழி அவர் மேல் விழுந்தது. அந்தக் கட்டை மேலாளர் தன் அறைக்கு எடுத்துப் போனதை நான் கண்ணால் கண்டிருந்தேன். எல்லோரையும் கூப்பிட்டு, யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டார்கள். மேசையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். யாரும் எதுவும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்தது.

நான் பொய் சொல்லவில்லை, ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை, பதவி கேட்டுக் கடிதம்கூட எழுதவில்லை. இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் மாதம் முடிய விலகிப் போனார். பதவி எனக்கு வந்தது.

அன்று கரையோர ரயிலில் வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். பதவி உயர்வு கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். பாயசம் வைத்தார். அதற்குப் பிறகு கந்தோர்க் கதை எதையும் வீட்டில் பேசாமல் விட்டேன். எந்த இளம் பொடியன் மேலாளரின் அறைக்குள் போனாலும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று கதவைப் பார்ப்பேன். அந்தக் கதிரையில் இருந்த ஒன்பது வருடமும் அப்படித்தான் போயிற்று.

மக்பெத்தை அழித்தது எது என்று தம்பி கேட்டபோது ஆசை, பயம் என்று பிரித்துப் பிரித்து எழுதினேன். எனக்குள் இரண்டையும் பிரிக்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.

மே 24, காலை 6.20

பரீட்சைக்கு என்ன எழுதுவது என்று தம்பி கேட்டிருக்கிறீர். சேரின் வரியை விடவேண்டாம், அதிலிருந்தே தொடங்கும். பிறகு மூன்றாம் அங்கத்து இரண்டாம் காட்சிக்குப் போம். "உனக்குத் தெரியவேண்டாம்" என்று அவன் மறைக்கிற இடம். அங்கிருந்து உறக்கத்தில் நடக்கும் காட்சிக்கு. அதற்கும் பிறகு, மனைவி செத்த செய்தி வரும்போது அவன் அழக்கூட இல்லாமல் நாளை, நாளை, நாளை என்று பேசுவது. நாளைக்காகப் பாங்கோவைக் கொன்றவனுக்கு நாளை என்ற சொல்லே வெறும் சத்தமாகிவிட்டது. இந்த மூன்று இடமும் கையில் இருந்தால் போதும். பாங்கோ பற்றி இரண்டு வரியாவது எழுதும். நோட்ஸில் அவனை நல்லவன் என்று மட்டும் போட்டிருப்பார்கள்.

மே 26, இரவு 9.50

நேற்று 23ஆம் தேதிக் குறிப்பை மனைவியிடம் படித்துக் காட்டினேன். 30 வருடம் கழித்து. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். பாயசம் வைத்த நாள் அவருக்கு ஞாபகம் இருந்தது. கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை.

"அந்த மனுசன் இப்ப எங்கே?" என்று கேட்டார்.

கனடாவுக்குப் போனதாக ஒருகாலத்தில் கேள்விப்பட்டேன், அவ்வளவுதான் தெரியும் என்றேன். இன்று பகல் அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பழைய டயறிகளை இறக்கி வைத்திருக்கிறார். 1993, 1995 இருக்கின்றன. 1994ஐ இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.